ஸ்டென்ட் வைத்தவருக்கு ரத்தம் உறிஞ்சும் அட்டை விடலாமா? என்னென்ன சிக்கல் வரும்?

குரோம்பேட்டைவாசி:
வணக்கம். வீட்டுப் பெரியவருக்கு வயது 68. சர்க்கரை 15 வருஷமாக இருக்கிறது, இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து 8 மாதம் ஆகிறது. ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் 75, சர்க்கரைக்கு கிளிமிபிரைடு சாப்பிடுகிறார். வெரிகோஸ் நரம்பால் வலது கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, ஓயாத அரிப்பு. தாம்பரம் பக்கம் ஒரு கிளினிக்கில் வாரம் ஒரு தடவை 5 அட்டை, மொத்தம் 4 வாரம் விடலாம் என்கிறார்கள். அதற்கு முன் "ரத்தம் இளக்கும் மாத்திரையை 5 நாள் நிறுத்திடுங்க" என்றும் சொன்னார்கள். நிறுத்தலாமா? அட்டை விட்ட பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

சித்தா_புறமருத்துவம்:
முதலில் மாத்திரை விஷயம். இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை கூட நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்த முதல் வருஷத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும்தான் உள்ளே ரத்தம் உறையாமல் காக்கின்றன. நடுவில் விட்டால் ஸ்டென்ட் அடைத்து மாரடைப்பு வரலாம். கால் அரிப்புக்காக எடுக்கக்கூடிய ஆபத்து இல்லை அது.

நிறுத்தாமலும் அட்டை விட முடியாது. அட்டை கடித்த இடத்தில் ஹிருடின் என்ற பொருள் இறங்குகிறது. அது ரத்தத்தை உறையவைக்கும் திராம்பினைக் கட்டிப்போடும். அதன் எச்சிலில் உள்ள கேலின் என்ற இன்னொரு பொருள், ரத்தக் கசிவை அடைக்கும் தட்டணுக்கள் காயத்தில் ஒட்டாமல் தடுக்கும். உங்கள் வீட்டுப் பெரியவருக்குத் தட்டணுக்கள் ஏற்கெனவே இரண்டு மாத்திரையால் முடங்கியிருக்கின்றன. மூன்றும் சேர்ந்தால் கசிவு எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கணக்கும் பாருங்கள். ஒரு அட்டை 5 முதல் 15 மில்லி வரை குடிக்கும். அது விழுந்த பிறகு கசிவதுதான் பெரிய இழப்பு: பல மணி நேரம் ஓடும், ஒரு கடியிலிருந்தே 50 மில்லியைத் தாண்டலாம். 5 அட்டைக்கு 300 மில்லி என்றால், ரத்த தானத்தில் எடுக்கும் 350 மில்லி பைக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. அதை வாரா வாரம் 4 தடவை! ஹீமோகுளோபின் 10க்குக் கீழே இருப்பவருக்கு, கர்ப்பிணிக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு, டயாலிசிஸில் இருப்பவருக்கு நாங்கள் விடுவதே இல்லை.

அட்டைவிடல் சித்தத்தின் 32 புறமருத்துவங்களில் ஒன்று. முறையாகச் செய்தால் பயன் உண்டு என்று நம்பித்தான் செய்கிறோம். ஆனால் ஆளைப் பார்க்காமல் எல்லோருக்கும் விடுவது வைத்தியம் ஆகாது.

நுண்ணுயிரி_லேப்:
மேலே சொன்னது ரத்தம். நான் கிருமியைப் பற்றிச் சொல்கிறேன், இதில்தான் தவறு அதிகம் நடக்கிறது.

அட்டையின் குடலில் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா நிரந்தரமாகக் குடியிருக்கிறது; குடித்த ரத்தத்தை அது செரிக்க அந்தக் கிருமி துணை. மஞ்சள் தண்ணீரில் விட்டு எடுத்தால் வெளித்தோல் சுத்தமாகும், குடல் சுத்தமாகாது. கடித்துக்கொண்டிருக்கும் அட்டையின் மேல் உப்போ, மஞ்சளோ, புகையிலைச் சாறோ போட்டாலும், சூடு காட்டினாலும், வயிற்றில் இருப்பதை அங்கேயே கக்கிவிடும். கிருமி நேரே காயத்துக்குள் போய்விடும். பிடித்து இழுத்தால் தாடை உள்ளேயே தங்கிச் சீழ் பிடிக்கும். சாதாரணமாக 20 நிமிஷம் முதல் ஒரு மணி நேரத்தில் தானே விழும். உடம்பில் அலை மாதிரி ஓடும் அசைவு நின்று, குண்டாகி, தளர்ந்து தொங்கும். அதுவரை காத்திருப்பதுதான் முறை.

தொற்று முதல் நாளே வரலாம், பத்து நாள் கழித்தும் வரலாம். வந்தால் வீட்டில் இருக்கிற அமாக்ஸிசிலின் வேலை செய்யாது. கிளாவுலனேட் சேர்த்ததும் பெரும்பாலும் தோற்கும், செஃபாலெக்ஸினும் அப்படித்தான். சிப்ரோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல், மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் ஆகியவைதான் வழக்கம். சிப்ரோவுக்கு அடங்காத ஏரோமோனாஸும் பதிவாகியிருப்பதால் கல்ச்சர் (கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் பரிசோதனை) எடுப்பது அவசியம். கேஸ் ஷீட்டில் "அட்டை கடி" என்று எழுதச் சொல்லுங்கள். காலில் புண் என்று மட்டும் சொன்னால் வழக்கமான மருந்தைத்தான் எழுதுவார்கள்.

கிளிமிபிரைடு சாப்பிடுபவருக்கு சிப்ரோவோ கோட்ரைமாக்சசோலோ கொடுத்தால் சர்க்கரை திடீரென இறங்கலாம். அந்த நாட்களில் குளுக்கோமீட்டரைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

குரோம்பேட்டைவாசி:
ரொம்ப நன்றி. அந்த கிளினிக்கில் அட்டையைத் திரும்பப் பயன்படுத்துவார்களா என்று கேட்டதற்கு, "மஞ்சள் போட்டுக் கக்கவைத்து, அதே ஆளுக்குத்தானே அடுத்த வாரம் விடுறோம்" என்றார்கள். அது பரவாயில்லையா?

நுண்ணுயிரி_லேப்:
கூடாது. கக்கவைத்தாலும் ரத்தம் முழுதாக வெளியே வராது, மிச்சம் மாதக் கணக்கில் உள்ளே இருக்கும். டப்பாவில் லேபிள் மாறினால் ஒருவர் ரத்தம் இன்னொருவருக்குப் போகும். ஹெபடைடிஸ் பி அப்படிப் பரவலாம். ஒரு ஆள், ஒரு தடவை, பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் போட்டுக் கொன்று மருத்துவக் கழிவில் சேர்க்க வேண்டும்.

கேஷுவாலிட்டி_நர்ஸ்:
வேறு யாராவது அட்டை விட்டுக்கொண்டு இதைப் படித்தால் அவர்களுக்காக.

கடிவாய் மூன்று கோடு சேர்ந்த சின்ன நட்சத்திரம் மாதிரி இருக்கும். கசிந்தால் காலைத் தூக்கி வைத்து, மடித்த காஸை அதன் மேல் வைத்து 15 நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்துப் பார்த்தால், துடைத்தால், மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். காஸ் ஊறினால் எடுக்காமல் மேலேயே இன்னொன்று வைத்துக் கட்டுங்கள். எவ்வளவு போயிற்று என்று தெரிய, புதுக் காஸையும் ஊறிய காஸையும் சமையலறைத் தராசில் எடை போடுங்கள். கூடுதல் 1 கிராம் ஏறக்குறைய 1 மில்லி. ஹிருடினுக்கு முறிவு மருந்து கிடையாது, வைட்டமின் கே ஊசி இதற்கு உதவாது. நிற்காவிட்டால் தையல் போட வேண்டிவரும்.

ஒரு வாரம் வரை கடிவாயில் அரிப்பு சாதாரணம். ஆனால் சிவப்பு பரவினால், சூடும் வலியும் நாற்றமும் சேர்ந்தால் அது தொற்று. சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போடுங்கள், கோட்டைத் தாண்டினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் என்றால் 108.

சித்தா_புறமருத்துவம்:
குரோம்பேட்டைவாசி சார், அட்டையை மறந்துவிடுங்கள், முதலில் காலுக்கு டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) எடுங்கள். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவைப் பிரிவு இருக்கிறது. சர்க்கரைக்காரருக்கு சிரையில் (ரத்தம் திரும்பும் குழாய்) உள்ள கோளாறோடு தமனியும் (ரத்தம் வரும் குழாய்) அடைத்திருக்கலாம். காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் ரத்த அழுத்தத்தால் வகுத்த அளவு 0.9க்குக் கீழே என்றால் ரத்த ஓட்டம் குறைவு என்று அர்த்தம். அந்தக் காலில் அட்டை கடித்த ஓட்டைகூட ஆறாத புண்ணாகும். சர்க்கரைக்காரருக்கு நாளம் கெட்டியாகி அந்த அளவு பொய்யாக ஏறியும் காட்டும், அதனால் எண்ணை மட்டும் நம்பாமல் டாப்ளர் படத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். தமனி சரியாக இருந்தால் அழுத்தக் காலுறையும், படுக்கும்போது காலை உயர்த்தி வைப்பதும், அரிப்புக்குத் தோல் மருத்துவர் தரும் களிம்பும் போதும். ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.