புதுப்பிப்பு: இட்லிப்பொடி ரீல்ஸ், ஒரு மாதம் கழித்து

வீட்டில் அரைக்கும் இட்லிப்பொடிக்குத் தினமும் ரீல்ஸ் போட்டும் ஆர்டர் வரவில்லையே, என்ன தப்பு என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தப்பு தொடக்கத்திலேயே இருந்தது. முதல் ஐந்து நொடி லோகோதான் ஓடியது. அதற்குள் ஆட்கள் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். இப்போது எடுத்ததுமே சூடான இட்லிமேல் பொடியைத் தூவி, நல்லெண்ணெய் விட்டு, அது ஓரமாக வழிவதைக் காட்டுகிறேன். பின்னணியில் ஓடிய சினிமாப் பாட்டையும் எடுத்துவிட்டேன். வியாபாரக் கணக்குக்கு அந்தப் பாட்டுகளின் உரிமை கிடையாது. மிளகாய் வறுபடும் சத்தமே நன்றாக இருக்கிறது.

அப்புறம் விலை. “இன்பாக்ஸ் வாருங்கள்” என்பதை நிறுத்திவிட்டு, கால் கிலோ 140 ரூபாய், கூரியர் தனி என்று திரையிலேயே எழுதுகிறேன். போன வாரம் 11 ஆர்டர், அதில் 4 வெளியூர்!