‘தினமும் உயிர்ப்பு’: நடைமுறையில் எப்படி?

கேள்வி (மறைக்கல்வி வகுப்பு):
உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) முடிந்த மறுவாரமே எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. ‘தினமும் உயிர்த்தெழுங்கள்’ என்று மறையுரையில் கேட்கும் இளைஞர்கள், ‘சரி, காலையில் எழுந்ததும் என்ன செய்யணும்?’ என்கிறார்கள். பத்து நிமிடத்தில் முடிகிற வழி சொல்லுங்கள்.

வழிபாட்டுக்குழு:
உயிர்ப்பு ஒருநாள் விழா அல்ல. தூய ஆவி இறங்கிவந்த பெந்தெகொஸ்தே விழா வரை 50 நாள். மறுவாரம் என்பது விழாவின் தொடக்கப் பகுதிதான். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்கு ஒறுத்தல், சிலுவைப்பாதை என்று அட்டவணை போடுகிறோம், இந்த 50 நாளுக்கு ஒன்றும் போடுவதில்லை. சறுக்குவது அங்கேதான்.

அடித்தளம் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம் (உரோமையர் 6:4). ஈஸ்டர் இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பில் மெழுகுதிரி ஏந்தி முதலில் தீமையை விட்டுவிடுகிறோம், பிறகே விசுவாசத்தை அறிக்கையிடுகிறோம். காலையிலும் அந்த வரிசையே இருக்கட்டும். தீர்த்தம் தொட்டுச் சிலுவை அடையாளம் போடுங்கள். கொலோசையர் 3:8 சொல்லும் சினம், பழிச்சொல் முதலியவற்றில் ஒன்றைக் களைய முடிவெடுத்து, 3:12 சொல்லும் பரிவு, கனிவு, பொறுமை போன்றவற்றில் ஒன்றை அணிய வரம் கேளுங்கள். பிறகு விசுவாச அறிக்கையை நிதானமாகச் சொல்லுங்கள். ‘இன்று பொறுமையாக இருப்பேன்’ என்றால் மதியம்வரைகூட நிற்காது. ‘மாலையில் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரும்போது குரலை உயர்த்தமாட்டேன்’ என்று ஆளையும் நேரத்தையும் குறித்தால் நிற்கும்.

தரங்கம்பாடி வாசகர்:
எங்கள் லுத்தரன் சபையில் இது சிறுவயதுப் பாடம். 1529இல் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் நூலில், ஞானஸ்நானத் தண்ணீர் எதைக் குறிக்கிறது என்ற கேள்விக்கு விடை: நம்மிலுள்ள பழைய ஆதாம் (பாவ சுபாவம்) அனுதின மனந்திரும்புதலால் மூழ்கிச் சாகவேண்டும், புதிய மனுஷன் தினந்தோறும் எழும்பவேண்டும். சாகிற பாதியை விட்டுவிட்டு எழும்புகிற பாதியை மட்டும் பிடித்தால் அது வெறும் உற்சாகப் பேச்சு. குற்ற உணர்விலேயே நின்றுவிடுவதும் தவறுதான். லுத்தரின் காலை ஜெப முறையே, ஒரு பாட்டுப் பாடி மகிழ்ச்சியோடு வேலைக்குப் போ என்றுதான் முடிகிறது.

தியான உதவியாளர்:
இரவுக்கு, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்ம சோதனை: நன்றி, ஒளி வேண்டுதல், கழிந்த நாளை மணிவாரியாகத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்பு, மறுநாள் தீர்மானம். பலர் மூன்றாவதிலேயே நேரம் முழுவதையும் கரைத்துவிடுகிறார்கள். அதற்கு இரண்டு நிமிடம் போதும். யாரையாவது புண்படுத்தியிருந்தால், மன்னிப்புக் கேட்க வேண்டியவரின் பெயர் தீர்மானத்தில் வரவேண்டும்.

உணர்ச்சியை வைத்து அளக்கச் சொல்லாதீர்கள். துக்கத்தில் இருப்பவருக்கு மகிழ்ச்சி உடனே வராது. கல்லறையருகே அழுத மகதலா மரியா, இயேசு பெயர்சொல்லிக் கூப்பிடும்வரை அவரை அடையாளம் காணவில்லை (யோவான் 20).

கேள்வி (மறைக்கல்வி வகுப்பு):
ஒரு நாள் விட்டுப்போனால்?

வழிபாட்டுக்குழு:
மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம், கடன் அடைப்பதுபோல் ஆகிவிடும். சிலுவை அடையாளத்திலிருந்து தொடருங்கள். பல நாள் விட்டிருந்தால் ஞாயிறு திருப்பலியில் தொடங்குங்கள். பாஸ்கா கால ஞாயிறுகளில் தீர்த்தம் தெளிக்கும் சடங்கு இருந்தால், அது திருமுழுக்கின் நினைவு என்று வகுப்பில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.