புதுப்பிப்பு: ஃப்ரேசியரின் அப்பா விஷயம்

'சியர்ஸ்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் அப்பா இறந்துவிட்டதாகச் சொன்ன மனநல மருத்துவர் ஃப்ரேசியருக்கு, அதிலிருந்து பிரிந்து 1993இல் தொடங்கிய 'ஃப்ரேசியர்' தொடரில் அப்பா மார்ட்டின் உயிரோடு இருக்கிறாரே, இது எழுத்தாளர்களின் மறதி என்று போன இழையில் எழுதியிருந்தேன். அதோடு விட்டிருக்கக் கூடாது.

'ஃப்ரேசியர்' இரண்டாவது சீசனில், 'சியர்ஸ்' காலத்து நண்பன் சாம் மலோன் வந்து இதையேதான் கேட்கிறான். அப்பா ஒரு விஞ்ஞானி என்று வேறு ஃப்ரேசியர் அவனிடம் சொல்லியிருக்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவரோ ஓய்வுபெற்ற போலீஸ்காரர்! அப்போது அப்பாவோடு சண்டை, அதனால் அப்படிச் சொன்னேன் என்கிறார் ஃப்ரேசியர். எவ்வளவு அழகு பாருங்கள். ஓட்டையை அடைத்த அதே இடத்தில் நகைச்சுவை, கூடவே அந்த மனிதரின் பகட்டும் தெரிந்துவிடுகிறது.

'ஃப்ரெண்ட்ஸ்' தொடரின் மறதி பற்றி அதே இழையில் எழுதியது அப்படியே நிற்கிறது. அதில் வரும் மோனிகாவின் வீட்டு எண் 5 பிறகு 20 ஆனது. கதைக்குள் விளக்கமே இல்லை.