ஒப்பீட்டுக் கட்டுரை கேட்டார்கள், நான் மூன்று வாழ்க்கை வரலாறு எழுதி வைத்திருக்கிறேன்

அரைப்பக்கம்:

எல்லோருக்கும் வணக்கம். ஆவணப் புகைப்படக்காரர்கள் இரண்டு மூன்று பேரை எடுத்துக்கொண்டு, அவர்கள் வேலையை ஒப்பிட்டு 2,000 சொற்களில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். நான் டோரதியா லேங், வாக்கர் எவன்ஸ், செபஸ்தியோ சல்காடோ மூவரையும் எடுத்திருக்கிறேன். 1,400 சொல் எழுதியாகிவிட்டது, படித்துப் பார்த்தால் எனக்கே தூக்கம் வருகிறது. லேங் எங்கே பிறந்தார், என்ன படித்தார், அடுத்து எவன்ஸ் எங்கே பிறந்தார், என்ன படித்தார், அப்புறம் சல்காடோ பொருளாதாரம் படித்துவிட்டுக் கேமராவுக்கு வந்தார், இப்படியே போகிறது. கடைசிப் பத்தியில் மட்டும் "மூவருமே எளிய மக்களைப் படம்பிடித்தார்கள், ஆனால் பாணி வேறு" என்று ஒரு வரி. மொத்தக் கட்டுரையிலும் ஒப்பீடு என்று இருப்பது அந்த "ஆனால்" ஒன்றுதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. லேங் எடுத்த அந்தப் புகழ்பெற்ற தாய் படத்தில் ஒரு கட்டைவிரலை அழித்துவிட்டார்கள், அதனால் அது ஆவணமே இல்லை, போலி என்று கூடப் படிக்கும் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அதைக் கட்டுரையில் எழுதலாமா, வேண்டாமா? எழுதினால் என் வாதமே விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. (என் வாதம் என்ன என்று கேட்காதீர்கள், அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.)

இருட்டறை:

முதலில் சல்காடோவை இறக்கி விடுங்கள். அவர் சின்ன ஆள் என்பதற்காக அல்ல. லேங்கும் எவன்ஸும் 1936இல் ஒரே அரசு அலுவலகத்துக்கு, ராய் ஸ்ட்ரைக்கர் என்ற ஒரே மேலாளருக்குக் கீழே, ஒரே பொருளாதார வீழ்ச்சியைப் படம்பிடித்தவர்கள். (அப்போது அதற்கு மீள்குடியேற்ற நிர்வாகம் என்று பெயர், 1937இல் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் ஆயிற்று, எஃப்.எஸ்.ஏ. என்று சொல்வது அதைத்தான்.) அலுவலகம் ஒன்றே, காலம் ஒன்றே, நாடு ஒன்றே, அப்படியும் படங்கள் வேறு வேறாக இருக்கின்றன என்றால், அந்த வித்தியாசம் அவர்கள் கையிலிருந்து வந்தது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் சல்காடோ எடுத்தது 1986இல். அவரை உள்ளே கொண்டுவந்தால் ஐம்பது வருட இடைவெளியை விளக்கவே உங்கள் 2,000 சொல்லும் தீர்ந்துவிடும்.

அடுத்து, ஆளை விடுங்கள், படத்தைப் பிடியுங்கள். ஆளுக்கு ஒரு படம் போதும். இரண்டிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். நான் கேட்பதானால், "படத்தில் இருப்பவர் யாரைப் பார்க்கிறார்?" என்று கேட்பேன்.

லேங்கின் அந்தத் தாய் படத்தையே எடுங்கள். 1936 மார்ச், கலிஃபோர்னியாவில் நிபோமோ என்ற ஊர், பட்டாணி பறிப்பவர்களின் முகாம். ஒரு மாத வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் முகாமின் பலகையைப் பார்த்தும் நிற்காமல் இருபது மைல் போய்விட்டு, மனசு கேட்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்ததாக லேங்கே பின்னால் எழுதியிருக்கிறார். கையில் கிராஃப்ளெக்ஸ் கேமரா. அங்கே அவர் எடுத்த மற்ற ஃபிரேம்களையும் பாருங்கள். தூரத்திலிருந்து கூடாரம் முழுவதும் தெரிய எடுத்ததும் இருக்கிறது, நமக்குப் பழக்கமானது நெருங்கி வந்து எடுத்தது. அதில் இரண்டு பிள்ளைகள் நமக்கு முதுகு காட்டி அம்மாவின் தோளில் சாய்ந்திருக்கிறார்கள், மடியில் கைக்குழந்தை, அம்மாவின் கண் எங்கேயோ போகிறது. ஒருவரும் லென்ஸைப் பார்க்கவில்லை. அதனால்தான் நாம் அவரை வெட்கமில்லாமல் உற்றுப் பார்க்க முடிகிறது.

அதே வருடம் கோடையில் எவன்ஸ் அலபாமாவின் ஹேல் கவுன்டியில் இருக்கிறார், கூட எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜி. அரசு அலுவலகத்திலிருந்து இரவலாக ஒரு பத்திரிகைக்காகப் போன வேலை, பத்திரிகை அதை வெளியிடவில்லை, 1941இல் புத்தகமாக வந்தது. அங்கே எவன்ஸ் எடுத்த ஆலி மே பரோஸ் என்ற பெண்ணின் படத்தைப் பாருங்கள். பின்னால் பலகைச் சுவர், வேறு எதுவும் இல்லை. 8க்கு 10 அங்குல நெகட்டிவ் போடும் பெரிய கேமரா, ஸ்டாண்டில் நிறுத்தி எடுக்க வேண்டியது, ஓடிப்போய் எடுக்கிற சமாச்சாரமே இல்லை. அந்தப் பெண் நேராக லென்ஸைப் பார்க்கிறார், உதட்டைக் கொஞ்சம் கடித்த மாதிரி. இங்கே நாம் உற்றுப் பார்த்தால் அவரும் நம்மைப் பார்க்கிறார், முதலில் கண்ணைத் தாழ்த்துவது நாம்தான்.

இதை வைத்து 800 சொல் எழுதலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: "லேங் இதயம், எவன்ஸ் மூளை" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள், அது பாதி பொய்யும்கூட. லேங் 1938இல் டெக்சாஸில் எடுத்த ஒரு படத்தில் மனிதர்களே கிடையாது, டிராக்டர் உழுத சால்கள் வாசல் வரை வந்து முட்டும் ஒரு காலி வீடு மட்டும்தான். நேருக்கு நேர் நின்று எடுத்த இதே எவன்ஸ்தான் கொஞ்ச காலம் கழித்து நியூயார்க் சுரங்க ரயிலில் கோட்டுக்குள் கேமராவை மறைத்து வைத்துக்கொண்டு, எதிரில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியாமல் எடுத்தார். இந்த இரண்டும் உங்கள் வாதத்துக்கு இடைஞ்சல். அதனாலேயே கட்டுரையில் இருக்க வேண்டும்.

ஓரக்குறிப்பு:

இருட்டறை சொன்னதில் பாதிக்குத்தான் உடன்படுவேன். பார்வையை வைத்து எழுதுவது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது சீக்கிரம் கவிதையாகிவிடும், திருத்துபவர் ஓரத்தில் "ஆதாரம்?" என்று கேட்டால் பதில் இருக்காது. நான் படத்துக்குக் கீழே இருக்கும் எழுத்தைப் பார்க்கச் சொல்வேன்.

நிபோமோ படத்தின் குறிப்பில் என்ன இருக்கிறது? ஏழு பிள்ளைகளின் தாய், வயது முப்பத்திரண்டு, ஊர். பெயர் இல்லை. பெயரைக் கேட்கவில்லை என்று லேங்கே 1960இல் எழுதினார். சாப்பாட்டுக்காக அந்தக் குடும்பம் காரின் டயர்களை விற்றுவிட்டதாகவும் அதே கட்டுரையில் எழுதினார், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று குடும்பம் மறுத்தது. அந்தப் பெண் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது உலகத்துக்குத் தெரிந்ததே 1978இல்தான், அப்போது அவர் அந்தப் படத்தால் எனக்கு ஒரு பைசா பயன் இல்லை என்று கோபமாகத்தான் பேசினார். எவன்ஸ் பக்கம் வந்தால், அந்த 1941 புத்தகத்தில் படங்கள் எல்லாம் முன்னால், ஒரு வரி குறிப்பு கிடையாது. உரையில் வரும் குடும்பப் பெயர்களோ மாற்றி வைத்தவை.

மூன்றாவது ஆள் வேண்டும் என்றால் சல்காடோ வேண்டாம், மார்கரெட் போர்க்-வைட்டை எடுங்கள். எழுத்தாளர் எர்ஸ்கின் கால்டுவெல்லோடு சேர்ந்து அவர் 1937இல் ஒரு புத்தகம் போட்டார், அதே தென் மாநில ஏழை விவசாயிகள். படங்களுக்குக் கீழே மேற்கோள் மாதிரி வரிகள் இருக்கும், படத்தில் இருப்பவரே பேசுவது போல. ஆனால் அவர் பேசியது அல்ல, ஆசிரியர்கள் இருவரும் எழுதியது. இதை அவர்கள் மறைக்கவும் இல்லை, புத்தகத்தின் முகப்பிலேயே சொல்லிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து லேங்கும் அவர் கணவர் பால் டெய்லரும் போட்ட புத்தகத்தில் மக்கள் உண்மையிலேயே சொன்னதைக் குறித்து வந்து அச்சிட்டார்கள். ஆக ஒருவர் ஏழையின் வாயில் தன் வார்த்தையை வைக்கிறார், ஒருவர் அவர் வார்த்தையையே கேட்டு எழுதுகிறார், ஒருவர் வார்த்தையே வேண்டாம் என்கிறார். இதைவிடத் தெளிவான ஒப்பீடு உங்களுக்குக் கிடைக்காது. வேடிக்கை என்னவென்றால், கேட்டு எழுதிய அதே லேங்தான் நிபோமோவில் பெயரைக் கேட்கவில்லை.

பழைய நெகட்டிவ்:

கட்டைவிரல் விஷயத்துக்கு மட்டும் வருகிறேன்.

நடந்தது இதுதான். கூடாரக் கம்பத்தைப் பிடித்திருந்த ஒரு கையின் கட்டைவிரல் படத்தின் வலது கீழ் மூலையில் நீட்டிக்கொண்டிருந்தது, கண்ணை உறுத்துகிறது என்று லேங் அதைப் பின்னால் நெகட்டிவிலேயே மங்கலாக்க வைத்தார். ஸ்ட்ரைக்கருக்கு அது பிடிக்கவில்லை. உற்றுப் பார்த்தால் விரலின் ஆவி மாதிரி இன்னும் தெரியும். இதைப் போலி என்றால், அதே 1936இல் அதே அலுவலகத்தின் இன்னொரு புகைப்படக்காரர் ஆர்தர் ராத்ஸ்டீன் வறண்ட நிலத்தில் கிடந்த ஒரு மாட்டு மண்டையோட்டைச் சில அடி நகர்த்தி வைத்து வெவ்வேறு இடத்தில் எடுத்தாரே, அதை என்ன சொல்வீர்கள்? ரூஸ்வெல்ட்டுக்கு எதிரான பத்திரிகைகள் அதை வைத்துத்தான் அரசாங்கம் வறட்சியை ஜோடிக்கிறது என்று ஒரு பிடி பிடித்தன. எவன்ஸும் சுத்தம் இல்லை. அவர் படங்களையும், அந்த வீடுகளில் எந்தப் பொருள் எங்கே இருந்தது என்று ஏஜி எழுதி வைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், எவன்ஸ் பொருட்களை நகர்த்தியிருக்கிறார் என்று வாதிட்டிருக்கிறார்கள். விரல், மண்டையோடு, வீட்டுச் சாமான். மூன்றும் ஒரே குற்றமா? ஒன்று அழகுக்காகச் செய்தது, ஒன்றில் பார்ப்பவரின் முடிவே மாறிவிடுகிறது. நண்பர் "போலி" என்று ஒரே சொல்லில் முடித்ததை நீங்கள் ஒரு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். பயப்பட ஒன்றும் இல்லை, உங்கள் வாதம் அங்கேதான் நிமிரும்.

அப்புறம் ஒன்று. நான் மாணவனாக இருந்தபோது இணையத்தில் கிடைத்த ஒரு படத்தை வைத்து, "இடது பக்கம் இறுக்கமாக வெட்டியிருப்பது மூச்சுமுட்டலைக் காட்டுகிறது" என்று அரைப் பக்கம் எழுதினேன். அதை வெட்டியது புகைப்படக்காரர் இல்லை, ஏதோ ஒரு இணையதளம். ஆசிரியர் சிவப்பு மையில் "முழுப் படம் பார்த்ததுண்டா?" என்று மட்டும் எழுதியிருந்தார். இத்தனை வருடம் ஆகியும் உறுத்துகிறது. எஃப்.எஸ்.ஏ. நெகட்டிவ்கள் ஒன்றேமுக்கால் லட்சம் அளவுக்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன, தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், அசல் குறிப்போடு, பக்கத்து ஃபிரேம்களோடு. ஸ்ட்ரைக்கர் வேண்டாம் என்று ஓட்டை போட்ட நெகட்டிவ்களையும் தேடுங்கள், முகத்தின் மேலேயே கறுப்பு வட்டம் விழுந்திருக்கும். எதைக் காட்ட வேண்டும் என்பதைப் புகைப்படக்காரர் மட்டும் முடிவு செய்யவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

அரைப்பக்கம்:

மூவருக்கும் நன்றி. பழைய 1,400 சொல்லையும் தூக்கி வைத்துவிட்டேன் (அழிக்க மனசு வரவில்லை, வேறு கோப்பில் போட்டேன்). நேற்று இரவு முழுக்க நூலகத் தளத்தில்தான் கிடந்தேன். சல்காடோ போய்விட்டார், போர்க்-வைட் வரவில்லை, லேங்கும் எவன்ஸும் மட்டும். தொடக்கம் இப்படி எழுதியிருக்கிறேன்:

"1936இல் ஒரே அரசு அலுவலகத்துக்காக வேலை செய்த இருவர், இரண்டு பெண்களைப் படம் எடுத்தார்கள். ஒருவர் கேமராவைப் பார்க்கவில்லை, அவர் பெயர் நமக்கு 42 வருடம் தெரியவில்லை. இன்னொருவர் கேமராவை நேராகப் பார்க்கிறார், எவன்ஸ் அவரைச் சமமாக மதித்ததால் பெயரைச் சொன்னார்."

பார்வையையும் பெயரையும் சேர்த்துவிட்டேன், இருட்டறையும் ஓரக்குறிப்பும் சண்டை போட வேண்டாம் என்று. சரியா?

ஓரக்குறிப்பு:

முதல் இரண்டு வாக்கியம் அருமை, கை வைக்காதீர்கள். மூன்றாவது தப்பு. புத்தகத்தில் எவன்ஸ் பெயரைச் சொல்லவில்லை என்று மேலேயே எழுதியிருந்தேனே, படத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை, உரையில் இருப்பது பொய்ப் பெயர். உங்களுக்கு அழகாக ஒரு எதிரும் புதிரும் வேண்டியிருந்தது, அதற்காக உண்மையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டீர்கள். ராத்ஸ்டீன் மண்டையோட்டுக்குச் செய்ததுதான்.

இருட்டறை:

ஹா ஹா. ஆனால் அந்தத் தப்பையே திருப்பிப் போடுங்களேன்: நேராகப் பார்க்கும் பெண்ணுக்கும் பெயர் இல்லை. அப்படியானால் பார்வை கொடுத்த மரியாதையைப் பெயர் இல்லாதது பிடுங்கிக்கொண்டதா, அல்லது பெயரை மறைத்ததே அந்தக் குடும்பத்துக்குச் செய்த மரியாதையா? நிபோமோவில் பெயர் கேட்கப்படவே இல்லை, ஹேல் கவுன்டியில் தெரிந்தே மறைக்கப்பட்டது. கட்டுரையை இங்கேயிருந்து எழுதுங்கள். என்றைக்குக் கொடுக்க வேண்டும்?

அரைப்பக்கம்:

நாளை மறுநாள். மூன்றாவது வாக்கியத்தை எடுத்துவிட்டேன். எழுதப் போகிறேன்.