விருது பெற்ற நாவல்களுக்கு மட்டும் ஓர் அரங்கம் வேண்டுமா?

நெடுவாசகர்:
விருது பெற்ற நாவலாசிரியர்களையும் அவர்களுடைய நாவல்களையும் மட்டும் கொண்டாடும் கண்காட்சிகளை அருங்காட்சியகங்கள் நடத்துவது தவறு என்று கருதுகிறேன். அரங்குக்குள் வருபவர் காண்பது நாவல் என்னும் கலையின் வரலாற்றை அன்று. நடுவர் குழுக்களின் முடிவுகளை மட்டுமே. இலக்கியத்துக்கான நோபல் பரிசு 1901இல் தொடங்கியபோது டால்ஸ்டாய் உயிரோடு இருந்தார். 1902 முதல் 1906 வரை ஆண்டுதோறும் பரிந்துரைக்கப்பட்டும், 1910இல் இறக்கும்வரை அவருக்குப் பரிசு வழங்கப்படவில்லை. ஜேம்ஸ் ஜாய்ஸுக்கும் வர்ஜீனியா வுல்ஃபுக்கும் கிடைக்கவில்லை. ஆங்கில நாவல்களுக்கு பிரிட்டனில் தரப்படும் புக்கர் பரிசிலோ, முந்தைய ஆண்டின் நூல்களுக்குப் பதிலாக அந்தந்த ஆண்டின் நூல்களுக்கே பரிசு என்று 1971இல் விதி மாறியதால், 1970இல் வெளிவந்த நாவல்களில் பெரும்பாலானவை போட்டிக்கே வராமல் போயின. நாற்பது ஆண்டுகள் கழித்து, வாசகர் வாக்கெடுப்பின் வழியே ஜே. ஜி. ஃபாரலின் 'டிரபிள்ஸ்' நாவலுக்கு அந்த விடுபட்ட பரிசு தரப்பட்டபோது, ஃபாரல் இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு விதித் திருத்தத்தால் ஓராண்டின் இலக்கியமே விடுபட்டுப் போகுமானால், அந்தப் பட்டியலைச் சுவரில் எழுதி 'தலைசிறந்தவை' என்று தலைப்பிடுவது எவ்வகையில் நேர்மையாகும்?

சுவடிக்கூடம்:
தகவல்களில் எனக்கு மறுப்பில்லை. அவற்றிலிருந்து நீங்கள் எட்டும் முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. டால்ஸ்டாய் பரிந்துரைக்கப்பட்டார் என்பது இன்று நமக்குத் தெரிவதற்கே அந்தப் பரிசுதான் காரணம். நோபல் பரிந்துரைகள் ஐம்பது ஆண்டுகள் மறைத்து வைக்கப்பட்டு, பின்னர் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன. புக்கர் பரிசின் ஆவணங்கள் ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஒரு காலத்தின் ரசனை எழுத்தில் பதிவாவது அரிது. பரிசு என்ற ஒன்று இருப்பதால்தான் அதற்குத் தாள்களும் தேதிகளும் கிடைக்கின்றன. அருங்காட்சியகத்துக்கு இதைவிடப் பொருத்தமான மூலப்பொருள் வேறு எது? பதக்கத்தையும் வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட வேண்டாம். 1958இல் 'டாக்டர் ஷிவாகோ' நாவலை எழுதிய ரஷ்ய எழுத்தாளர் பாஸ்டர்நாக் சோவியத் அரசின் நெருக்கடியால் நோபல் பரிசை மறுக்க நேர்ந்தது. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1989இல், அவருடைய மகன் ஸ்டாக்ஹோமில் அந்தப் பதக்கத்தைப் பெற்றுக்கொண்டார். அதைப் பேழையில் வைத்து இந்த வரலாற்றை அருகில் எழுதினால், ஒரு நாவல் ஓர் அரசை எவ்வளவு அச்சுறுத்தியது என்பது வருபவருக்கு விளங்கும்.

காகிதக்காவலர்:
இருவரும் பேசாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நாவல் என்பது படிப்பதற்கு உரியது; பேழைக்குள் அது மூடிய புத்தகமாகவோ, ஒரே பக்கம் திறந்த கையெழுத்துப் படியாகவோதான் இருக்க முடியும். பழைய தாளுக்கும் மைக்கும் ஒளியால் நேரும் சேதம் சேர்ந்துகொண்டே போவது, மீட்க முடியாதது. ஆகவே வெளிச்சத்தை ஏறத்தாழ 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது ஒளியை அளக்கும் அலகு) அடக்கி, சில மாதங்களில் பக்கத்தையோ படியையோ மாற்றிவிட வேண்டும். மங்கிய ஒளியில் எட்ட நின்று பார்க்கும் அந்த ஒரு பக்கத்தில் அடித்தலும் திருத்தலும் இருந்தால், எழுத்தாளர் ஒரு வாக்கியத்தோடு போராடியதையாவது காணலாம். பளபளக்கும் முதல் பதிப்பின் அட்டையில் அதுகூட இல்லை. துருக்கிய நாவலாசிரியர் ஓரான் பாமுக் 2012இல் இஸ்தான்புல்லில் திறந்த அருங்காட்சியகம் எனக்கு முன்மாதிரியாகத் தோன்றுகிறது: தம் நாவலின் 83 அத்தியாயங்களுக்கு ஏற்ப காட்சிப் பெட்டிகள், நாயகி புகைத்துப் போட்டவையாக வரிசைப்படுத்திய 4,213 சிகரெட் துண்டுகள், நூலின் பக்கத்திலேயே அச்சிட்ட நுழைவுச்சீட்டு. அவர் 2006இல் நோபல் பெற்றவர். ஆயினும் அந்த வீடு பரிசைக் கொண்டாடவில்லை, நாவலுக்குள் நம்மை அழைத்துச் செல்கிறது.

செங்காந்தள்:
பரிசு திறந்துவிடும் கதவையும் கணக்கில் கொள்ளுங்கள். 2022இல் கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவல், ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட நூல்களுக்கான சர்வதேச புக்கர் பரிசைப் பெற்றபோது, 50,000 பவுண்டில் சரிபாதி மொழிபெயர்ப்பாளர் டெய்சி ராக்வெலுக்குச் சென்றது. மொழிபெயர்ப்பாளரை ஆசிரியருக்கு இணையாக நிறுத்தும் கண்காட்சி ஒன்று அமையுமானால், அது அந்தப் பரிசின் விதியால்தான் அமையும்.

நெடுவாசகர்:
செங்காந்தள் சொல்வது பரிசின் பெருமை. நான் கேட்பது கண்காட்சியின் கடமை. 1972இல் புக்கர் வென்ற எழுத்தாளர் ஜான் பெர்ஜர் அந்த மேடையிலேயே, பரிசை நிறுவிய நிறுவனத்தின் கரீபிய வணிகத்தைக் கண்டித்துப் பேசி, பரிசுத்தொகையில் பாதியை பிரிட்டனின் கறுப்பின உரிமை இயக்கமான கருஞ்சிறுத்தைகளுக்கு (பிளாக் பாந்தர்ஸ்) அளிப்பதாக அறிவித்தார். அந்த உரையைக் கொண்டாட்டச் சுவரில் எந்த இடத்தில் வைப்பீர்கள்? கொண்டாட்டம் என்று தொடங்கிவிட்டால் கசப்பான பகுதிகள் தாமாகவே ஓரத்துக்குத் தள்ளப்படும். மேலும் 1980ஆம் ஆண்டின் புக்கர் குறும்பட்டியலை, அதாவது இறுதிச் சுற்றுக்கு வந்த நூல்களின் பட்டியலைப் பாருங்கள். வில்லியம் கோல்டிங் வென்றார். தோற்ற அறுவரில் ஆன்டனி பர்கஸ், அனிதா தேசாய், ஆலிஸ் மன்றோ, ஜே. எல். கார் ஆகியோர் இருந்தனர். வென்றவர்களுக்கு மட்டுமான அரங்கில் கோல்டிங்கின் நூல் மட்டுமே நிற்கும். அந்த ஆண்டின் உண்மையான செழுமை, அந்த ஏழும் ஒரே மேசையில் இருந்ததில்தான் உள்ளது.

சுவடிக்கூடம்:
பெர்ஜரின் உரையை நுழைவாயிலுக்கு எதிரே வைப்பேன். அதை ஒதுக்கும் கண்காட்சியை நானும் ஆதரிக்க மாட்டேன். 1980இன் ஏழு நூல்களுக்கும் ஒரே அளவு இடம் தரவும் சம்மதம். எல்லா ஆண்டுகளின் குறும்பட்டியலையும் அடுக்கினால் அரங்கம் புத்தகக் கிடங்காகிவிடும் என்பதால், ஓராண்டை மட்டும் எடுத்து முழுமையாகக் காட்டுவதே மேல் என்றும் நினைக்கிறேன். ஆனால் வென்ற நூல் எது என்பதை மறைக்கச் சம்மதிக்க மாட்டேன். வருபவர் நடுவர்களோடு வாதிட வேண்டுமானால், அவர்கள் அளித்த தீர்ப்பு கண்முன்னே இருந்தாக வேண்டும்.