புதுப்பிப்பு: தமிழகச் சட்டமன்றத் தேர்தல் முடிவுகள் அட்டவணையாகக் கிடைத்துவிட்டன

1971 முதல் 2021 வரை தொகுதிவாரி வாக்குகளைக் கணக்கிடத்தக்க கோப்பாக எங்கே பெறலாம் என்று கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

பலித்தது, அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி மையம் நடத்தும் 'லோக் டாபா' என்ற தேர்தல் தரவு இணையதளத்தைப் பார்க்கச் சொன்ன யோசனை. மாநிலத்தையும் தேர்தலையும் தேர்ந்தெடுத்தால் வேட்பாளர், கட்சி, வாக்குகள் எல்லாம் ஒரே சிஎஸ்வி (எக்செல் போன்றவற்றில் திறக்கும் அட்டவணை) கோப்பாக இறங்குகின்றன. தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகளும் நம்பகமானவைதான். ஆனால் பழையவை பிடிஎஃப் வடிவில் இருப்பதால் சரிபார்க்க மட்டுமே வைத்துக்கொண்டேன்.

எதிர்பாராதவை இரண்டு. இடைத்தேர்தல்களும் அதே கோப்பில் வருகின்றன. ஆர்.கே.நகரை எடுத்தால் 2011, 2016, 2021 பொதுத்தேர்தல்களுக்கு நடுவே 2015, 2017 இடைத்தேர்தல்களும் நிற்கும். அவற்றைப் பிரிக்காமல் கூட்டினால் மாநில மொத்தமே பிசகும்.

இதைவிடப் பெரிய சிக்கல் 2008 தொகுதி மறுவரையறை, அதாவது தொகுதி எல்லைகளைத் திருத்தி அமைத்தது. மொத்தம் 234 என்பது மாறவில்லை. ஆனால் பூங்கா நகர், திருவட்டாறு போன்றவை 2006-உடன் முடிந்துவிட்டன. சேப்பாக்கமும் திருவல்லிக்கேணியும் 2011-இல் ஒரே தொகுதியாக வருகின்றன. பெயர் மாறாத தொகுதிகளிலும் எல்லை மாறியிருக்கலாம். 1971 தேர்தலும் அதற்கு முந்தைய எல்லைகளில் நடந்தது. ஆகவே 1971-ஐத் தனியே வைத்து, 1977 முதல் 2006 வரை ஒரு தொடர், 2011 முதல் இன்னொரு தொடர் என்று பிரித்துக்கொள்வதே நேர்மையான ஒப்பீடு.

வாக்குச்சாவடி அளவில் தேடுவோருக்குத் தேர்தல் ஆணையத்தின் இறுதி முடிவுத் தாளான படிவம் 20 வேண்டும். அதில் தபால் வாக்குகள் தனி வரியில் இருக்கும், கூட்டும்போது விட்டுவிடாதீர்கள்.