கன்னி நாய்க்குட்டி வாங்கியிருப்போர் கவனத்திற்கு

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தவர்களில் மூவர், வீட்டுக் காவலுக்குக் கன்னிக் குட்டி வாங்கி விட்டுவிட்டு வந்ததாக எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சியாக இருந்தது, கூடவே ஒரு கவலையும் எழுந்தது.

கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்துக் கரிசல் காடுகளில் கன்னி, சிப்பிப்பாறை ஆகிய நாட்டு நாய் இனங்கள் முயல் வேட்டைக்காக வளர்க்கப்பட்டவை. மோப்பத்தை விடப் பார்வையை நம்பி ஓடுபவை. என் பெரியப்பாவின் தொழுவில் எப்போதும் நான்கைந்து நாய்கள் இருந்தன. பருத்திமார் பிடுங்கிய காட்டில் ஆட்கள் வரிசையாக நடந்து முயலைக் கிளப்புவார்கள். நேர் ஓட்டத்தில் முயலை எட்டிவிடும் முதல் நாய், முயல் சட்டென்று மடங்கித் திரும்பியதும், தன் வேகத்தைத் தானே அடக்க முடியாமல் சில அடிகள் கடந்து போய்விடும். அந்தக் கணத்தில், சற்று விலகிப் பின்னால் வந்துகொண்டிருந்த இரண்டாவது நாய் குறுக்கே பாய்ந்து வழியை மறிக்கும். முந்தி ஓட வேண்டியது எது, மறிக்க வேண்டியது எது என்பதை மனிதர் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வயதான பெட்டையோடு இளங்குட்டியைச் சேர்த்துவிடுவது மட்டுமே பெரியப்பா செய்த பயிற்சி. தொழுவிலும் அப்படித்தான்: கம்மங்கூழை அந்தப் பெட்டை குடித்து நகரும்வரை மற்றவை நெருங்கமாட்டா, வரம்பு மீறும் குட்டியைக் காயம்படாமல் ஒரு கடி கடித்து அடக்கி வைப்பதும் அதுவே.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முயல் வேட்டையைத் தடுத்தது, அது சரியானதே. ஆனால் வேட்டையோடு நாய்களின் கூட்டு வாழ்வும் போய்விட்டது. மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால் கன்னி என்று பெயர் வந்ததாக ஊரில் சொல்வார்கள். அவ்வளவு மதிப்போடு வாழ்ந்த நாய் இன்று காம்பவுண்டு சுவருக்குள் ஆறடிச் சங்கிலியில் கிடப்பதைப் பார்க்கும்போது நெஞ்சு பொறுக்கவில்லை. ராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல்தலையே வெளியிட்டார்கள். நம் நாய்களுக்கு இப்போது புகழுக்குக் குறைவில்லை, ஓடுவதற்கு இடமும் உடன் ஓடத் துணையும்தான் இல்லை. தனியே கட்டிப்போட்ட கன்னி, ஆளைக் கண்டாலே ஒடுங்கிப் பதுங்கும் அல்லது காரணமின்றிச் சீறும். இரண்டையும் நம் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

ஆகவே, மூன்று வீட்டாரும் குட்டிகளைக் காலையிலாவது ஒன்றாக விட ஏற்பாடு செய்யுங்கள். வேலி போட்ட தரிசு எங்களுக்கு ஒன்று உண்டு; சாவி தம்பியிடம் இருக்கிறது. முயலைத் துரத்த வேண்டாம், ஒன்றையொன்று துரத்தினாலே போதும். வளர்ந்த பெட்டை ஒன்று கூட இருந்தால் இன்னும் நல்லது.

மூன்றும் ஒரே ஈற்றுக் குட்டிகளா என்பதையும் விசாரித்து எழுதுங்கள். அப்படியானால் அவற்றைத் தங்களுக்குள் இணைசேர விடக்கூடாது. வெளியூர்க் கடுவனை இப்போதே தேடத் தொடங்க வேண்டும்.